அண்டார்டிகாவில் நூறு பேர் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளும் மருமகனும் டொராண்டோவில் இருக்கிறார்கள். வரும் ஜனவரியில் என்னையும் மனைவியையும் கப்பலில் அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். என்னோடு வாக்கிங் வரும் நண்பர், “பனி உருகுதேன்னு பார்க்கப் போய், இன்னும் கொஞ்சம் உருக்கிட்டு வரப்போறீங்களா?” என்கிறார். மருமகனோ, “அங்கே விதிகள் ரொம்பக் கடுமை. ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்க முடியாது, செருப்பு ஷூவைக்கூடக் கழுவித்தான் விடுவார்கள்” என்கிறார். இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. போகலாமா? இந்தச் சுற்றுலாவையே தடை செய்துவிட்டால் என்ன? (மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கே., கோயம்புத்தூர்

*

அன்புள்ள கே.,

மருமகன் சொல்வது விளம்பரப் பேச்சில்லை. ரப்பர் படகில் ஏறும் முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கிறார்கள். ஜாக்கெட் பாக்கெட்டிலும் வெல்க்ரோ பட்டையிலும் புல்விதை ஒட்டியிருந்தால் அங்கே போய் முளைத்துவிடும் என்பதால் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள். இருபது பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரே கப்பல். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் என்றால் ஒருவரையும் கரையில் இறக்கக் கூடாது. பறவைக்காய்ச்சல் வந்த பிறகு தரையில் உட்காரவும், பையைக் கீழே வைக்கவும்கூட விடுவதில்லை.

இதையெல்லாம் பெரும்பாலும் ஏற்படுத்தியது அரசாங்கங்கள் அல்ல, கப்பல் கம்பெனிகள். 1991-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து ஐயாட்டோ (IAATO) என்ற அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர் சங்கத்தைத் தொடங்கின. தங்கள் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டும், வேலை நன்றாகவே நடந்தது. அண்டார்டிகாவை நிர்வகிக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2009-இல்தான் அந்த நூறு பேர் விதியைத் தாங்களும் எழுதிக்கொண்டன. அதைச் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலையோ வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது.

ஆனால் அந்த விதி எதைத் தொடவில்லை என்று பாருங்கள். ஒரு நேரத்தில் நூறு பேர், சரி. ஒரு கோடைக்கு எத்தனை நூறு? அதற்கு வரம்பே கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்கு ஏழாயிரம் பேர் போனாலே அதிகம். 2023-24 பருவத்தில் போனவர்கள் சுமார் 1,20,000 பேர். அதில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் கரையிறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். ஏறக்குறைய எல்லாக் கப்பலும் போவது, தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அண்டார்டிகா தீபகற்பத்தின் அதே சில இடங்களுக்கு. அதுவும் பெங்குவின்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் அதே மாதங்களில். தன் உறுப்பினர் கப்பலை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு வியாபாரச் சங்கம் சொல்லலாம். கப்பலே வாங்காதே என்று அது எப்படிச் சொல்லும்?

உங்கள் நண்பர் சொன்னதற்கும் கணக்கு இருக்கிறது. தீபகற்பத்தை ஒட்டி 28 இடங்களில் பனியில் படிந்த புகைக்கரியை அளந்து 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. பனியின் மேல் கரி படிந்தால் அது வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் கரைகிறது. அந்த வகையில் ஒரு பயணிக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாகக் கரைகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. (ஆய்வு நிலையங்களில் தங்கும் விஞ்ஞானி ஒருவரின் கணக்கு இதைவிடப் பெரியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நண்பரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து கப்பல் புறப்படும் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகம் வரை பறக்கப்போகும் விமானங்களின் புகை இதில் சேராது.

அரசாங்கங்கள் உண்மையிலேயே சட்டம் போட்டபோது என்ன நடந்தது? 2007 நவம்பரில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற சுற்றுலாக் கப்பல் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கு அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரையும் இன்னொரு சுற்றுலாக் கப்பல் காப்பாற்றியது. அது பக்கத்தில் இருந்ததும் கடல் அமைதியாக இருந்ததும் அதிர்ஷ்டம். இப்படி ஒரு கப்பல் மூழ்கி எண்ணெய் கடலில் கொட்டினால் என்னாவது? 2011 ஆகஸ்டிலிருந்து அந்தக் கடலில் கெட்டியான கனரக எண்ணெயைக் கப்பல்கள் எரிக்கவும் கூடாது, ஏற்றிச் செல்லவும் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தடை வந்தது. கரையிறங்காத பெரிய கப்பல் பயணிகளின் எண்ணிக்கை அடுத்த பருவத்திலேயே பாதிக்கும் கீழே போனது. பிறகு லேசான எண்ணெயோடு அவை திரும்பி வந்தன என்பது வேறு கதை.

வடக்கே, ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் நார்வே இன்னும் தெளிவாகச் செய்திருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. அந்தப் பகுதிகளில் இறங்க 43 இடங்கள் மட்டுமே. பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும்; மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கம்பெனிகள் எதிர்த்தன. நார்வே கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், அது அந்த நாட்டு ஆளுகையில் உள்ள மண்.

அண்டார்டிகாவுக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் இல்லை. ஒப்பந்த நாடுகளில் வாக்குரிமை உள்ளவை 29. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். 2024 மே மாதம் நம் கொச்சியில் கூடியபோது சுற்றுலாவுக்கு ஒரு பொதுச் சட்டகம் வகுப்பதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தொடர்கிறது. பல சுற்றுலாக் கப்பல்கள் பஹாமாஸில் பதிவு செய்து அந்த நாட்டுக் கொடியில் ஓடுகின்றன, அந்த நாடோ ஒப்பந்தத்திலேயே இல்லை. அதனால் முழுத் தடை என்பது கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, அதைப் போடுவதற்கு ஆள் இல்லை. ஒரு பருவத்துக்கு இத்தனை பேர் என்று மொத்த வரம்பு வைத்தால் போதும் என்பேன். கம்பெனிகள் அதை விரும்ப மாட்டா. நேரில் பார்த்தவர்கள் அண்டார்டிகாவின் தூதர்களாகத் திரும்புகிறார்கள் என்பார்கள். அந்த வாதத்தை நான் நம்பவில்லை. பார்த்துவிட்டு வந்தவர் அடுத்து ஆர்க்டிக்குக்கு டிக்கெட் எடுப்பதுதான் நடக்கிறது.

நானாக இருந்தால் போகமாட்டேன். ஆனால் மகள் ஆசையாகக் கூப்பிடும்போது போகாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. போவதென்றால் சிறிய கப்பலாகப் பாருங்கள், 200 பேருக்குள். ஐயாட்டோ உறுப்பினரா, என்ன எண்ணெய் எரிக்கிறார்கள் என்று மகளை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கம்பெனி பாருங்கள்.

அப்புறம், முழங்கால். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் கடலைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கப்பல் நன்றாக ஆடும். ஆடுகிற ரப்பர் படகில் ஏறி இறங்க வேண்டும், கரையில் வழுக்குப் பாறை, களைத்தால் உட்காரவும் முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்