விமான பெட்ரோலைச் சோதிக்கும் வேலை: குலசேகரத்து அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள் விமான பெட்ரோலைச் சோதிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அப்படி ஒரு வேலை உண்டுமா, அதற்காக ஏவியேஷன் டிப்ளமோவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆனால் அந்த டிப்ளமோ அதற்கு வழி இல்லை. அது விமான நிலையத்தில் பயணிகளையும் பெட்டிகளையும் கவனிக்கப் பழக்குகிற படிப்பு. எரிபொருள் சோதனைக்கூடத்தில் கேட்பது வேதியியலும் கணிதமும். முன்பணம் ஏதும் கட்டாமல் இதை முழுக்கப் படித்துவிடுங்கள், பிள்ளையையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருவனந்தபுரத்தில் இறங்குகிற பெரிய விமானங்களுக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அந்த ஜெட் இன்ஜின்களுக்கு ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் எண், ஒரு பொருட்டல்ல. மகேந்திரகிரியில் ஓட்டிப் பார்க்கிற ராக்கெட் இன்ஜின்களும் வேறு உலகம். உங்கள் மகள் சொல்வது செஸ்னா 172 போன்ற சிறு பயிற்சி விமானங்களின் பிஸ்டன் இன்ஜினுக்கான பெட்ரோல். ஏவ்கேஸ் என்பார்கள். உலகெங்கும் அதிகம் விற்பது 100எல்எல் என்ற நீல நிற வகை.

குளச்சல் வள்ளத்து மோட்டாரை பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அதனால் அந்த மோட்டாரில் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை, தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அழுத்தம் கூடினால் என்ன ஆகும்? பிளக் பற்ற வைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எரியாமல் மூலையில் நெருக்கப்பட்டிருக்கிற கலவை சூடேறித் தானாக வெடிக்கும். அந்த அதிர்வலைதான் மெக்கானிக்குகள் சொல்லும் நாக்கிங். காரில் சென்சார் அதைக் கண்டுபிடித்து, பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். பெரும்பாலான விமான பிஸ்டன் இன்ஜின்களில் பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் நேரம் நிலையானது. சிலிண்டரும் பெரியது, லைகாமிங் 540 வகையில் விட்டம் 130 மில்லிமீட்டர். விசிறிச் சத்தத்தில் விமானியின் காதுக்கு நாக்கிங் எட்டாது. பிஸ்டன் தலை உருகியோ, ரிங் உட்காரும் வரம்பு உடைந்தோ போன பிறகுதான் தெரியவரும். இந்த ஆபத்தை எரிபொருளிலேயே தடுக்கிற பொருளைத்தான் ஆன்ட்டிநாக் சேர்மம் என்கிறோம்.

1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயச் சேர்மம், இன்றும் 100எல்எல்லில் இருக்கிறது. லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம் ஈயம் வரலாம். சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் ஆல்கைலேட் என்ற உயர்தர பெட்ரோல் பகுதியை மட்டும் வைத்து மோட்டார் ஆக்டேன் (கீழே சொல்லும் சோதனை முறையில் அளக்கிற ஆக்டேன்) 94 வரை எட்டிவிடலாம். விதி கேட்பது குறைந்தது 99.6. நடுவில் உள்ள அந்த ஐந்தரை எண்களை ஈயம் இல்லாமல் எப்படி நிரப்புவது என்பதுதான் இன்றைய கேள்வி. ஐரோப்பாவில் 2025 மே 1 முதல் அந்த ஈயச் சேர்மத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்கா 2030 முடிவுக்குள் ஈய ஏவ்கேஸை விட்டுவிட இலக்கு வைத்திருக்கிறது. உங்கள் மகள் படிப்பை முடிக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

சரி, அந்தக் கூடத்தில் நாள் முழுக்க என்ன செய்வார்கள்? நடுநாயகம் சி.எஃப்.ஆர். என்ற ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். விட்டம் 82.55 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 612 சிசி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை ஏற்றி இறக்கி அழுத்த விகிதத்தை மாற்றலாம் என்பதுதான் அதன் சிறப்பு. மோட்டார் ஆக்டேன் முறையில் அதை நிமிடத்துக்கு 900 சுற்றில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரியில் வைத்து ஓட்டுவார்கள். எரிபொருள் கிண்ணத்தின் மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் நாக்கிங் உச்சமாகும் கலவையைப் பிடிக்க வேண்டும். பிறகு அழுத்த விகிதத்தைச் சரிசெய்து, நாக்கிங்கை அளக்கும் மீட்டரின் முள்ளை 50 பக்கம் நிறுத்த வேண்டும். அடுத்து, ஆக்டேன் தெரிந்த இரண்டு ஒப்பீட்டு எரிபொருள்களை அதே நிலையில் ஓட்டுவார்கள். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. இரண்டையும் கலந்து, மாதிரிக்குச் சற்று மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தயாரிப்பார்கள்.

கணக்கு பிளஸ் டூ பிள்ளைக்குப் புரிவதுதான். 98 ஆக்டேன் கலவைக்கு முள் 61 காட்டுகிறது, 100க்கு 45, மாதிரிக்கு 49 என்று வையுங்கள். 61இலிருந்து 45 வரை 16 கட்டம். மாதிரி அதில் 12 கட்டம் இறங்கியிருக்கிறது. 12ஐ 16ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1.5. ஆக மாதிரியின் எண் 99.5. தேவை 99.6. மாதிரி தோற்றுவிட்டதா? அவசரப்பட்டு எழுதக்கூடாது. ஒரே ஆள் ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலே 0.1ஐவிட அதிகமாக மாறலாம். டொலுயின் என்ற திரவம் கலந்த சரிபார்ப்பு எரிபொருளை ஓட்டி இன்ஜின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி முழுவதும் செய்ய வேண்டும். கிடைத்த எண் பிடிக்கவில்லை என்று திருத்துகிற கை இந்த வேலைக்கு ஆகாது. உங்கள் மகளிடம் பார்க்க வேண்டிய குணம் இதுதான்: ஒரே காரியத்தை இருபது தடவை ஒரே மாதிரி செய்யப் பொறுமை இருக்கிறதா, தவறிய தடவையையும் மறைக்காமல் நோட்டில் எழுதுவாளா?

ஏவ்கேஸுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அழுத்தமேற்றிய காற்றை விட்டு, 1800 சுற்றில், செறிவான கலவையில் எவ்வளவு ஆற்றல் வரை நாக்கிங் இல்லாமல் தாங்குகிறது என்று பார்ப்பது. 100எல்எல் அதில் குறைந்தது 130 என்ற செயல்திறன் எண்ணைப் பெற வேண்டும். இந்தச் சோதனையில் மெல்லிய நாக்கிங் தொடங்கும் இடத்தைப் பழகிய காதால் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆண்டுக்கணக்கில் பழகி வருகிற திறமை அது.

எங்கே தவறு வரும் என்பதையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும், ஏனென்றால் சம்பளமே அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். கலவையைக் கன அளவில் கலந்தால் வெப்பநிலை ஏமாற்றும். பெட்ரோல் டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். 20 டிகிரியில் அளந்த ஒரு லிட்டர், நம் ஊர் 32 டிகிரியில் 12 மில்லி கூடியிருக்கும். அதனால் ஆராய்ச்சிக் கலவைகளைத் தராசில் நிறுத்துக் கலப்பதே நல்லது. மாதிரியைக் குளிரவைக்காமல் திறந்தால் இலேசான பகுதி ஆவியாகிப் போய் எண் மாறும். 2 முதல் 10 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஈயம் உள்ள மாதிரியை வெள்ளைப் பாட்டிலில் வெளிச்சத்தில் வைத்தால் சேர்மம் சிதையும், பழுப்புப் பாட்டில்தான் வேண்டும். காற்றின் ஈரம் நாக்கிங்கைக் குறைக்கும். ஒரு கிலோ உலர் காற்றுக்கு 3.56 முதல் 7.12 கிராம் நீராவிதான் அனுமதி. முட்டம் கடற்கரைக் காற்றில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதனால் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்வித்து ஈரத்தை இறக்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள்.

ஆக்டேன் ஏறினால் மட்டும் ஒரு சேர்மம் வென்றுவிடாது. மாங்கனீசு, இரும்பு சேர்ந்த சேர்மங்கள் சிறிதளவிலேயே எண்ணை ஏற்றும். ஆனால் அவற்றின் ஆக்சைடு பிளக்கில் படிந்தால் பொறி சரியாக விழாது. ஈயத்தோடு எத்திலீன் டைபுரோமைடு சேர்ப்பதும் இதற்காகவே, ஈயத்தை ஆவியாகும் புரோமைடாக்கி வெளியே அனுப்பிவிடும். மீத்தைல் அனிலின் போன்ற அமீன்கள் சில சதவீதம் சேர்த்தாலே உதவும். ஆனால் நச்சுத்தன்மை உண்டு, நாள்பட்டால் நிறம் கறுத்துப் பிசின் கட்டும் ஆபத்தும் உண்டு. ஈத்தர்களில் ஆக்சிஜன் இருப்பதால் கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறையும், தேவையோ கிலோவுக்குக் குறைந்தது 43.5 மெகாஜூல். டொலுயின், சைலீன் கூட்டினால் ரப்பர் வாஷர்கள் ஊதும், எடை கூடும். இவை அத்தனையையும் தாண்டினாலும் முழு அளவு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அழுத்த சென்சார் வைத்து, தலை வெப்பத்தை உச்ச வரம்பில் நிறுத்தி, கலவையைப் படிப்படியாக மெலிதாக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் வியப்புகள் உண்டு. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் விமானப் பள்ளி 2023இல் ஈயமில்லாத 94 ஆக்டேன் ஏவ்கேஸுக்கு மாறி, வெளியேற்று வால்வின் இருக்கை தேய்வதைக் கண்டு சில மாதங்களிலேயே 100எல்எல்லுக்குத் திரும்பியது. ஈயம் வால்வு இருக்கைக்கும் காவலாக இருந்திருக்கலாம். ஆக்டேன் மீட்டர் அதைச் சொல்லாது.

ரப்பர் ஊதுவது என்று சொன்னேன். ரப்பர் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது நல்ல கல்லூரி புராஜெக்ட். 25க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தடிமனில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் துண்டுகள் வெட்டி, மூன்று திரவங்களில் 70 மணி நேரம் ஊறவிட வேண்டும்: தனி ஐசோ ஆக்டேன், அதோடு 30 சதவீதம் டொலுயின், பிறகு பாதிக்குப் பாதி. ஊறும் முன்னும் பின்னும் காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கன அளவைத் தரும். 2.50 சிசி இருந்தது 3.20 ஆனால் 28 சதவீதம் ஊதியிருக்கிறது. எடுத்தவுடன் துடைத்து, உடனே நிறுக்க வேண்டும், தாமதித்தால் திரவம் பறந்துவிடும். ஊதிய துண்டு மிதக்கலாம், சிறு எடை கட்டி மூழ்கவைக்கணும். வீட்டில் உலர்த்துகிற ரப்பர் ஷீட்டை இதற்குப் போடக்கூடாது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் டொலுயினில் கூழாகிவிடும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த மாணவியை நேர்முகத் தேர்வில் யாரும் மறக்க மாட்டார்கள். இதைக் கல்லூரிக் கூடத்தில், புகைபோக்கி அலமாரிக்குள், ஆசிரியர் முன்னால் மட்டுமே செய்ய வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று பி.எஸ்சி. வேதியியலுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. வெளியூர் போகவே வேண்டாம். கவனிக்க வேண்டியது துணைப்பாடம். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் தர ஆய்வாளர் அறிவிப்புகளில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்த பி.எஸ்சி. கேட்பது வழக்கம். வேதியியலோடு விலங்கியலை அல்லைடாக எடுத்த பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நாளில்தான் இதை அறிந்து கலங்குகிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் கையில் இருக்கும், ஆனாலும் வாசலில் நிற்க வேண்டிவரும். இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய இழப்பு.

எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் அல்லது கேட் தேர்வு எழுதி, டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குப் போகலாம். புதிய சேர்மங்களைத் தேடும் வேலைக்கு அதுவே நேர்வழி. இன்ஜின் ஓட்டுவதில் ஆசை அதிகம் என்றால் மெக்கானிக்கல். கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. மேலே படிக்க சென்னை ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் உண்டு. விமானப் பராமரிப்பு உரிமத்தில் பிஸ்டன் விமானத்துக்கு பி1.2 என்று தனிப் பிரிவு உண்டு, ஆனால் அது பழுது பார்க்கும் வேலை, இந்தச் சோதனைக்கூட வேலை அல்ல.

வேலை எத்தனை இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏவ்கேஸ் மட்டும் என்று பார்த்தால் இந்தியாவில் இடம் மிகச் சிறிது. இந்தியன் ஆயில் வடோதராவில் தயாரித்த 100எல்எல்லை 2022 செப்டம்பரில்தான் அறிமுகம் செய்தது, அதுவரை இறக்குமதி. ஆனால் ஆக்டேன் சோதனை கார் பெட்ரோலுக்கும் வேண்டும். கொச்சி, மணலி சுத்திகரிப்பு ஆலைகள், ஃபரீதாபாத்தில் இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சி மையம், எண்ணெய்த் துறைமுகங்களில் உள்ள தனியார் ஆய்வுக்கூடங்கள், வளைகுடா என்று வாசல் விரியும். வளைகுடாக் கூடங்கள் அனுபவம் கேட்கும், ஆகவே முதலில் இங்கே ஒரு ஆலையில் அப்ரன்டிஸ் பயிற்சி எடுப்பது நல்லது. படிப்பு முடித்த கையோடு விசாவுக்குப் பணம் கேட்கிற ஏஜென்டிடம் போகவேண்டாம்.

மக்ளே, உனக்கும் இரண்டு வார்த்தை. பரிசோதனை ஆசையில் வீட்டில் பெட்ரோலோடு எதையும் கலந்து பார்க்காதே. ரப்பர் புகைக்கூடு இருக்கிற வீட்டில் பெட்ரோல் பாட்டிலே இருக்கக்கூடாது. இப்போது பழகவேண்டியது மேலே சொன்ன இடைக்கணிப்புக் கணக்கும், வரைபடம் போடுவதும், நோட்டு எழுதுவதும்தான். அட்மிஷனுக்குப் போகும் அன்று துறைத் தலைவரிடம் அல்லைடு கணிதம் எந்த செமஸ்டரில் வருகிறது என்று கேட்டு, பாடத்திட்டப் பிரதி ஒன்றை வாங்கி வா. ஃபீஸ் அதற்குப் பிறகு கட்டினால் போதும்.