கிணற்று நீர் பட்டதும் பச்சை ஒளி ஏன் மங்குகிறது?

கேள்வி: டேர்பியம் என்ற அருமண் உலோகமும் பென்சீன் முக்காபொட்சிலிக் அமிலமும் சேர்ந்த, பச்சையாக ஒளிரும் தூளால் அஸ்பாட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தை அளக்கிறேன்; அமிலம் கூடக் கூட ஒளி மங்கும். காய்ச்சி வடித்த நீரில் அளவுக்கோடு நேராக வருகிறது. வவுனியாக் குழாய்க்கிணற்று நீரை விட்டாலோ, அமிலம் சேர்க்க முன்பே ஒளி பாதியாகிறது. ஏன்?

பதில்: அந்த நேர்கோட்டையே முதலில் சந்தேகியுங்கள். 1 மில்லிமோலர் அஸ்பாட்டிக் அமிலக் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 3.5. அந்தப் புளிப்பில் தூளிலுள்ள காபொட்சிலேற்றில் புரோத்தன் ஏறி, டேர்பியத்தின் மீதான பிடி தளரும். புறஊதா ஒளியை வாங்கி டேர்பியத்துக்கு ஆற்றலைக் கைமாற்ற ஆளில்லாமல் 545 நனோமீற்றரிலுள்ள பச்சை உச்சி விழும். ஐதரோகுளோரிக் அமிலத்தால் அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒளி அதேயளவு விழுந்தால், இவ்வளவு நாளும் அளந்தது வெறும் புளிப்பைத்தான்.

அமினோ அமிலக் கரைசலைச் சோடியம் ஐதரொட்சைட்டால் பிஎச் 7க்குக் கொண்டுவந்து, பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் 10 மில்லிமோலர் ஹெப்பெஸ் தாங்கற் கரைசலில் அளவிடுங்கள். பொசுபேற்றுத் தாங்கல் வேண்டவே வேண்டாம்: பொசுபேற்று டேர்பியத்தைப் பறித்துக்கொண்டு தூளின் கட்டமைப்பையே குலைத்துவிடும்.

கிணற்று நீரிலும் இதே பறிப்புத்தான். கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிற நீரில் இருகாபனேற்று நிறைய உண்டு. வவுனியாப் பக்கம் புளோரைட்டும் சேரும். இரண்டுக்கும் டேர்பியத்தில் நாட்டம் அதிகம். எது குற்றவாளி என்றறிய, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். லீற்றருக்கு 3.3 மில்லிகிராம் சோடியம் புளோரைட்டு, 1.5 மில்லிகிராம் புளோரைட்டைத் தரும். கரைசலைப் பிளாஸ்ரிக் போத்தலில் வையுங்கள். இறைத்து வைத்த நீர் மண்ணிறமானால் அது இரும்பு. கிளர்த்தும் புறஊதா ஒளியை அதுவே விழுங்கிவிடும். 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்த பின்னரே பாவியுங்கள்.

கருவியிலும் ஒரு பொறி இருக்கிறது. 272 நனோமீற்றரில் கிளர்த்தினால் அதன் இரண்டாம் வரிசைச் சிதறல், அதாவது இரட்டை அலைநீளத்தில் தோன்றும் போலி ஒளி, 544இல் வந்து உங்கள் உச்சியின் மேலேயே ஏறி நிற்கும். தூள் கலங்கிய நீரில் இது பெரிதாகத் தெரியும். உமிழ்வுப் பக்கம், 350 நனோமீற்றருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வெட்டுவடியொன்றைப் போட்டால் போய்விடும்.

5 மில்லிகிராம் தூளை 50 மில்லிலீற்றர் தாங்கலில் 20 நிமிடம் மீயொலியில் கலக்கி, ஒரு மணித்தியாலம் விட்டு, மேலே மிதக்கும் கலங்கலை மட்டும் எடுங்கள். அடியில் படிவதையும் சேர்த்தால், தூள் இறங்க இறங்கத் தானாக விழும் ஒளியை அமினோ அமிலத்தின் கணக்கில் எழுதுவீர்கள்.

கிணற்று நீரில் சுயாதீன அமினோ அமிலம் பெரும்பாலும் மைக்ரோமோலருக்கும் கீழேதான். உங்கள் தூளின் உணர்வெல்லை அதற்கு மேலென்றால், முல்லைத்தீவில் இறால் கழுவிய நீரை எடுத்துப் பாருங்கள். அதில் அளக்க ஏதாவது இருக்கும். உப்பு கூடிய மாதிரியென்பதால், தூய கரைசலில் வரைந்த அளவுக்கோட்டை நம்பாமல், மாதிரியிலேயே தெரிந்த அளவுகளைச் சேர்த்துச் சேர்த்து அளவிடுங்கள்.