எழும்பூர் நடைபாதைத் தாத்தா நாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுக்கிறார்

எழும்பூர் நடைபாதையில் நாயோடு வசிக்கும் தாத்தா, முடி கொட்டிச் சொறியும் அந்த நாயைச் சிகிச்சைக்கு அனுப்ப மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நாயை மட்டும் கேட்காதீர்கள். தாத்தாவையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

அவர் மறுப்பது பெரும்பாலும் பயத்தில்தான்: நாய் திரும்பி வராதோ, மூட்டையை யாராவது தூக்கிவிடுவார்களோ என்று. மூட்டைக்குக் காவலாக உங்களில் ஒருவர் அங்கேயே உட்காருங்கள்.

முடி கொட்டிச் சொறிகிறது என்றீர்களே, கையுறை போட்டுக்கொண்டு காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சொறிப்பூச்சியாக (தோலுக்குள் புகுந்து அரிப்பு உண்டாக்கும் மிகச் சிறிய பூச்சி) இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். இருவரும் ஒரே கோணியில்தானே படுக்கிறார்கள், தாத்தாவுக்கு இரவில் அரிக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், கழிவு ஆயில், மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். விடவே விடாதீர்கள், நாய் நக்கிவிடும், அது விஷம்.