சி நிரலை ரஸ்டுக்கு மாற்றும் வேலையைக் கம்பைலரிடமே விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் குழுவிடம் ஏறத்தாழ 20,000 வரிகளில் ஒரு சி லைப்ரரி இருக்கிறது. வெளிக் கருவிகள் அனுப்பும் தரவுக் கோப்புகளைப் படித்துப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. எழுதியவர்கள் யாரும் இப்போது எங்களோடு இல்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, நினைவகப் பிழைகளைத் தடுக்கும் மொழியான ரஸ்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள் மேலதிகாரிகள். "கிளாங் என்ற சி கம்பைலரில் கம்பைல் செய்து ஐஆர் (கம்பைலரின் இடைநிலை வடிவம்) எடு, அதிலிருந்து ரஸ்ட் நிரலை உருவாக்கிக்கொள்ளலாம்" என்கிறார் ஒரு நண்பர். இது நடக்கிற காரியமா? மாற்றி வந்ததை நம்பி வாடிக்கையாளரிடம் கொடுக்கலாமா?

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் போகாதீர்கள்.

ஒரு மொழியின் மூலநிரலை இன்னொரு மொழியின் மூலநிரலாக மாற்றித் தரும் கம்பைலர்கள் புதிதல்ல. 1981இலேயே கேரி கில்டால் இன்டெல் 8080 சிப்பின் அசெம்பிளியை 8086 சிப்பின் அசெம்பிளியாக மாற்ற எக்ஸ்எல்டி86 என்ற கருவியை எழுதினார். சி++ தொடங்கிய காலத்தில் அதன் கம்பைலரான சிஃப்ரண்ட் வெளியே தந்தது சி நிரலைத்தான். இன்று டைப்ஸ்கிரிப்டில் எழுதுகிற எல்லோரும் தினமும் இதையே செய்கிறார்கள். ஆனால் சிஃப்ரண்ட் தந்த சி நிரலையோ, டைப்ஸ்கிரிப்டிலிருந்து வரும் ஜாவாஸ்கிரிப்டையோ யாரும் திறந்துவைத்துத் திருத்துவதில்லை. மூலத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். உங்கள் நிலைமை வேறு. சி நிரலை ஓரங்கட்டிவிட்டு, இனிமேல் ரஸ்ட் நிரலைத்தான் பராமரிக்கப் போகிறீர்கள். வெளிவருவதை மனிதர்கள் படிக்க வேண்டும் என்று வந்துவிட்டாலே வேலை பல மடங்கு கடினமாகிவிடும்.

முதலில் ஐஆர் வழி ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கிளாங் உங்கள் கோப்பை வாங்கியதும் ப்ரீபிராசஸர் மேக்ரோக்களை (பெயரிட்ட சுருக்கங்களை) விரிக்கும். பிறகு நிரலின் இலக்கண மரம் உருவாகும். அந்த மரத்தில் மாறிகளின் பெயர், டைப், ஃபார் லூப், இஃப் எல்லாம் இன்னும் அடையாளம் தெரிகிற நிலையில் இருக்கும். அதற்கும் அடுத்த கட்டம்தான், கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம் தொகுப்பின் ஐஆர். அங்கே போனதும் லூப்கள் உடைந்து வெறும் தாவல்களாகிவிடும். எல்எல்விஎம்மில் 32 பிட் முழு எண் என்றால் 32 பிட் முழு எண்தான். அது குறியுள்ளதா, குறியற்றதா என்ற விவரம் அந்த டைப்பிலேயே கிடையாது. ஒப்பிடும்போதும் வகுக்கும்போதும் எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஓரளவு ஊகிக்கலாம். இப்படித் தொலைந்துபோனதை எல்லாம் திரும்பக் கண்டுபிடித்து மனிதர் படிக்கும் நிரலாக்குவது டீகம்பைலர் செய்கிற வேலை. மூலநிரல் கையில் இருக்கும்போது அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதற்கு? ஐஆரிலிருந்து சி நிரல் எழுதித் தரும் ஒரு பகுதி எல்எல்விஎம்மிலேயே முன்பு இருந்தது. 2012இல் வந்த 3.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

ஆகவே இலக்கண மர நிலையிலேயே மாற்றும் கருவி வேண்டும். சியிலிருந்து ரஸ்டுக்கு அப்படி இருப்பது சிடூரஸ்ட். இம்யூனன்ட், கலோயிஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய திறந்த மூலக் கருவி. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா இதற்கு நிதி கொடுத்தது. சி99 தரத்தில் எழுதிய நிரலை கிளாங் மூலம் படித்து, இலக்கண மரத்தை வாங்கி, ரஸ்டாக எழுதித் தரும். எந்தக் கோப்பை எந்தக் கொடிகளோடு கம்பைல் செய்கிறீர்கள் என்ற பட்டியல் ஒன்று ஜேசன் வடிவில் அதற்கு வேண்டும். சிமேக் என்ற பில்டு கருவி வைத்திருந்தால் ஒரு தேர்வை இயக்கினால் போதும், பட்டியல் வந்துவிடும். பழைய மேக்ஃபைல் என்றால் பியர் என்ற சிறு கருவியின் கீழ் பில்டை ஒருமுறை ஓட்டுங்கள்.

சரி, வெளியே என்ன வரும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குகிறவர்கள்தான் முதல் நாளே மனம் நொந்துபோகிறார்கள். வருவது ரஸ்ட் எழுத்தில் இருக்கும் சி. ஏறக்குறைய எல்லா ஃபங்ஷனும் அன்சேஃப் (ரஸ்டின் பாதுகாப்பு விதிகள் தளர்ந்த நிரல்) என்ற முத்திரையோடு வரும். பாயின்டர்கள் வெறும் பாயின்டர்களாகவே நிற்கும், குளோபல் மாறிகள் மாற்றக்கூடிய ஸ்டாட்டிக்குகளாக வரும், நினைவகத்தைக் கேட்டு வாங்கும் மாலாக்கும் அதை விடுவிக்கும் ஃப்ரீயும் அப்படியே அழைக்கப்படும். உங்கள் மேலதிகாரிகள் எதிர்பார்க்கும் நினைவகப் பாதுகாப்பு இந்த நிரலில் இன்னும் வரவில்லை. சியில் பாயின்டர் வழியாக எல்லை தாண்டிப் படித்த ஒரு லூப், ரஸ்டிலும் அதே இடத்தில் எல்லை தாண்டிப் படிக்கும். கருவியின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. நிரல் என்ன செய்கிறதோ அதை மாறாமல் கொண்டுவருவதுதான் கம்பைலரின் கடமை. அந்த பாயின்டர் யாருக்குச் சொந்தம், யார் விடுவிக்க வேண்டும், அந்த அரேயின் நீளம் எந்த மாறியில் இருக்கிறது என்பதெல்லாம் எழுதியவரின் மனதில் இருந்தவை. சி நிரலில் அவை எழுதப்படவே இல்லை. எழுதாததை எந்தக் கம்பைலரும் படித்துத் தராது. அதை நிரலுக்குள் எழுதிச் சேர்ப்பது உங்கள் வேலையாகத்தான் இருக்கும்.

மேக்ரோக்கள் பெரும்பாலும் விரிந்த நிலையில்தான் வரும். பஃபரின் அளவுக்குப் பெயர் வைத்து மேக்ரோவாக எழுதியிருந்தால், பல இடங்களில் வெறும் 4096 நிற்பதைப் பார்ப்பீர்கள். எளிய மாறிலிகளைப் பெயரோடு காப்பாற்ற ஒரு தேர்வு உண்டு, எல்லாவற்றுக்கும் அது உதவாது. இதைவிட முக்கியமானது, தளத்துக்கு ஏற்ப வரிகளைச் சேர்க்கவோ விடவோ சொல்லும் இஃப்டெஃப். லினக்ஸில் வைத்து மாற்றினால் லினக்ஸுக்கான கிளைதான் வரும். விண்டோஸுக்காக எழுதியிருந்த வரிகள் சுவடே இல்லாமல் போய்விடும். எச்சரிக்கை எதுவும் வராது. உங்கள் லைப்ரரி இரண்டு தளங்களிலும் ஓடுகிறது என்றால், எந்தெந்தக் கோப்பில் இஃப்டெஃப் இருக்கிறது என்று இன்றே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டூ (தாவல் கட்டளை) ஒரு தனித் தலைவலி. பிழை நேர்ந்தால் கடைசியில் இருக்கும் துப்புரவுப் பகுதிக்குத் தாவுவது சி எழுதுபவர்களின் நல்ல பழக்கம்தான். ரஸ்டில் கோட்டூ கிடையாது. அதனால் சிடூரஸ்ட், அந்தத் தாவல்களை லூப்பாகவும் மேட்ச்சாகவும் மறுபடி கட்டுகிறது. சி நிரலை உலாவியில் ஓடவைக்கும் எம்ஸ்கிரிப்டனுக்காக அலோன் ஸகாய் வகுத்த ரீலூப்பர் என்ற முறைதான் இதற்கு அடிப்படை. முடிவு சரியாக வேலை செய்யும். ஆனால் 'இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறோம்' என்பதை ஒரு நீண்ட எண்ணில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கிளை பிரியும் நிரலாக இருக்கும். படிப்பவருக்குத் தலை சுற்றும். மாற்றுவதற்கு முன்பே, சியில் இருக்கும்போதே, கோட்டூ நிறைந்த ஃபங்ஷன்களைச் சிறு ஃபங்ஷன்களாக உடைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்கே தாவும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் எங்காவது இருந்தால் அவற்றையும் அப்போதே எடுத்துவிடுங்கள். அவற்றைக் கருவி மாற்றித் தராது.

எண்களைப் பற்றியும் ஒரு விஷயம். குறியற்ற எண்கள் கொள்ளளவைத் தாண்டினால் சுற்றி வர வேண்டும் என்பது சியின் விதி. கருவி அதை மதித்து, சுற்றி வரும் கூட்டலாகவே எழுதும். குறியுள்ள எண் கொள்ளளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை சி வரையறுக்கவே இல்லை. அது சாதாரணக் கூட்டலாக வரும். ரஸ்டின் டீபக் பில்டில் (சோதனைக்கான பதிப்பில்) அப்படித் தாண்டினால் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். நல்லதுதான், நிறுத்தட்டும். இத்தனை வருடம் ஒளிந்திருந்த பக் வெளியே வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் பில்டில் (வெளியிடும் பதிப்பில்) வழக்கமாக அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் சோதனைகளை டீபக் பில்டிலும் கட்டாயம் ஓட்டுங்கள்.

பெரிய குழு ஒன்று இதை எப்படிச் செய்தது என்று பார்த்தால் உங்களுக்குத் தெம்பு வரும். கோ மொழியின் கம்பைலரே முதலில் சியில் எழுதப்பட்டிருந்தது. அதை கோவுக்கு மாற்ற ரஸ் காக்ஸ் தலைமையில் ஒரு மாற்றுக் கருவியை எழுதினார்கள். உலகத்தில் உள்ள எல்லா சி நிரலையும் மாற்றும் கருவியை அவர்கள் எழுத நினைக்கவில்லை. தங்கள் கம்பைலரின் சி நிரலுக்கு மட்டும் பொருந்தினால் போதும் என்று முடிவு செய்தார்கள். கருவிக்கு இடைஞ்சலாக இருந்ததை சி பக்கமே திருத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள். அந்தக் காலம் முழுவதும் சி கம்பைலரின் வளர்ச்சியும் நிற்கவில்லை, ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் கருவியைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். 2015 ஆகஸ்டில் வந்த கோ 1.5இல் சி முற்றிலும் போய்விட்டது. அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே, பில்டுகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். தானாக மாற்றிய நிரல், கோவின் இயல்பில் இல்லாததால் வேகம் குறைந்தது என்று காரணமும் சொன்னார்கள். அடுத்து வந்த பதிப்புகளில் கையால் செப்பனிட்டு அந்த வேகத்தை மீட்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வேலை வரிசையை. கருவியின் வெளியீட்டில் ஓர் எழுத்தைத் திருத்தும் முன், சி பக்கம் செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்து முடியுங்கள். பயன்படாத நிரலை நீக்குங்கள். நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரையும் வரையறுக்கப்படாத நடத்தையைக் காட்டும் யூபி சானிடைசரையும் இயக்கி சி நிரலை ஓட்டி, அவை காட்டுவதைச் சரிசெய்யுங்கள். வரையறுக்கப்படாத நடத்தையோடு இருக்கும் நிரலை மாற்றினால், இரண்டு பக்கமும் வேறு வேறு விடை வரும். எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது. உங்கள் விஷயத்தில் எழுதியவர்களும் இல்லை என்பதால் இது இன்னும் முக்கியம்.

அப்புறம், மாற்றும் கமிட்டையும் (நிரல் வரலாற்றில் ஒரு பதிவு) செப்பனிடும் கமிட்டையும் தயவுசெய்து கலக்காதீர்கள். கருவி தந்ததை அப்படியே ஒரு கமிட்டாக வையுங்கள். அதன் பிறகு வருவது ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகைத் திருத்தமாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு கோப்பில் விடை மாறி வந்தால், பிழை எங்கே நுழைந்தது என்று தேட அதுதான் உதவும்.

வேறு இடங்களில் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. சிடூரஸ்ட் தரும் ஃபங்ஷன்கள் சியின் அழைப்பு முறையையே பின்பற்றும், ஸ்டிரக்டுகளும் நினைவகத்தில் சியில் இருந்த அதே அமைப்பில் இருக்கும். ஆகவே ஒரு கோப்பை மட்டும் ரஸ்டாக்கி, மீதியைச் சியாகவே வைத்து, இரண்டையும் இணைத்து ஓட்டலாம். எஸ்விஜி படங்களை வரையும் லிப்ஆர்எஸ்விஜி என்ற லைப்ரரியை 2016இல் தொடங்கி இப்படித்தான் பகுதி பகுதியாக ரஸ்டுக்குக் கொண்டுவந்தார்கள்; அது கையால் செய்த வேலை, ஆனால் வழி ஒன்றுதான். பயனாளிகளுக்கு இடையில் எதுவும் நின்றுபோகவில்லை. 20,000 வரியையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு மூன்று மாதம் பில்டே ஆகாமல் தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்களிடம் சோதனைகள் இருக்கின்றனவா என்று கேள்வியில் சொல்லவில்லை. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். தரவுக் கோப்பு உள்ளே, பிரித்த விடை வெளியே என்பதால் சோதிக்க இதைவிட எளிதான நிரல் கிடைக்காது. கைவசம் உள்ள நிஜக் கோப்புகளை எல்லாம் பழைய சி லைப்ரரிக்குக் கொடுத்து, வந்த விடையை அப்படியே சேமியுங்கள். ரஸ்ட் பக்கம் ஒவ்வொரு கமிட்டுக்கும் அதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த கோப்பு, காலிக் கோப்பு, நீளம் பொய்யாக எழுதப்பட்ட கோப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாறுமாறான உள்ளீடுகளைத் தானே உருவாக்கும் ஒரு ஃபஸ்ஸரை வைத்து ஒரே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுத்து விடை வேறுபடுகிறதா என்று பார்க்க முடிந்தால் இன்னும் நிம்மதி.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவை எழுதும் ரஸ்ட், சிடூரஸ்ட் எழுதுவதைவிடப் பார்வைக்கு மிக அழகாக இருக்கும். ஆனால் நடத்தை மாறவில்லை என்ற உறுதியை அவை தருவதில்லை. ஓரத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையை 'சரிசெய்து' கொடுத்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். டார்ப்பா 2024இல் டிராக்டர் என்ற பெயரில், சி நிரல்களை நல்ல ரஸ்டாகத் தானாக மாற்றும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை அறிவித்தது. முடிந்துபோன விஷயம் என்றால் அதற்கு ஆராய்ச்சித் திட்டம் தேவைப்பட்டிருக்காது. என் யோசனை: முதல் மாற்றத்தைக் கம்பைலர் வகைக் கருவியிடம் கொடுங்கள். ஃபங்ஷன் ஃபங்ஷனாக அன்சேஃபை அகற்றும் கட்டத்தில் செயற்கை நுண்ணறிவை உதவிக்குக் கூப்பிடுங்கள். மேலே சொன்ன ஒப்பீட்டுச் சோதனை அப்போது பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாற்றியதை அப்படியே கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடைகள் ஒத்துப்போகலாம், ஆனால் ரஸ்டுக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லி, சியில் இருந்த அதே ஆபத்தை வேறு பெயரில் கொடுப்பதாக ஆகிவிடும். வெளியிலிருந்து வரும் பைட்டுகளை முதலில் தொடும் கோப்புகள் எவை என்று பாருங்கள். தலைப்புப் பகுதியைப் படிப்பது, நீளத்தைக் கணக்கிடுவது, பஃபருக்கு நகலெடுப்பது ஆகியவை அங்கேதான் இருக்கும். முதலில் அவற்றை மட்டும் மாற்றி, வெறும் பாயின்டர்களை நீளத்தையும் உடன் வைத்திருக்கும் ஸ்லைஸ்களாக்கி, சி நிரலோடு சேரும் எல்லையைத் தவிர மற்ற இடங்களில் அன்சேஃபை நீக்குங்கள். அந்த அளவு முடிந்து, ஒப்பீட்டுச் சோதனையும் ஃபஸ்ஸரும் சுத்தமாக ஓடினால், மீதி சியாகவே இருந்தாலும் அந்தப் பதிப்பைத் தயங்காமல் வெளியிடலாம்.