கேள்வி-பதில்: ஆய்வேடும் ஓப்பன் சோர்ஸும்

கேள்வி: நான் ஏற்கெனவே பங்களித்துவரும் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஒரு வசதியைச் சேர்த்து, அதையே முதுநிலை ஆய்வேடாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நெறியாளர், "கோட் எழுதுவதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரிதான். அதற்காகத் திட்டத்தையே கைவிட வேண்டாம், அவர் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரு ஆராய்ச்சிக் கேள்வியை. லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1997-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வேடு கொடுத்தபோது லினக்ஸ் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் 'லினக்ஸ் எழுதினேன், பட்டம் கொடுங்கள்' என்று அவர் போய் நிற்கவில்லை, இன்டெல் 386-க்கென்று எழுதிய இயங்குதளத்தை வேறு வகைச் செயலிகளுக்குக் கொண்டுபோவது எப்படி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கிறிஸ் லாட்னர் 2002-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடும் இப்படித்தான். கம்பைல் செய்யும்போது, லிங்க் செய்யும்போது, ஓடும்போது என்று எல்லாக் கட்டத்திலும் நிரலை மேம்படுத்த ஒரே இடைநிலை வடிவத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்பதே அதன் மையம். அந்த ஆய்வேட்டில் வந்த எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பை நம்பித்தான் இன்று ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகளின் கம்பைலர்கள் ஓடுகின்றன.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சேர்க்க நினைப்பது ஒரு கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை எடுத்துவைக்கும் தற்காலிகச் சேமிப்பு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கேஷ் சேர்த்தேன், வேகம் கூடியது' என்பது ரிலீஸ் நோட்டில் போட வேண்டிய வரி. எந்த மாதிரி உள்ளீட்டுக்கு வேகம் கூடுகிறது, எதற்கு இருந்த வேகமும் போய்விடுகிறது, நினைவகத்தை எவ்வளவு கூடுதலாகத் தின்கிறது, இதே வேலைக்கு முன்பே யாராவது சொன்ன முறையோடு வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் அளந்து காட்டினால் அது ஆய்வேடு. கேஷ் சொதப்பினாலும் பரவாயில்லை, ஏன் சொதப்பியது என்று உங்களால் காட்ட முடிந்தால். இதை ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் கொடுங்கள். கிட்ஹப் லிங்க்கை அப்புறம் காட்டலாம்.

கேள்வி: என் கோடைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டு அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மெர்ஜ் ஆனால்தான், அதாவது திட்டத்தில் சேர்ந்தால்தான், ஆய்வேட்டில் எழுத முடியும் என்று காத்திருக்கிறேன், சமர்ப்பிக்கும் தேதியோ நெருங்கிவிட்டது.

பதில்: காத்திருக்காதீர்கள். மெர்ஜ் செய்பவருக்கு உங்கள் கடைசித் தேதி தெரியாது, தெரிந்தாலும் அது அவர் கவலை இல்லை. பல திட்டங்களில் அவர் சம்பளமில்லாமல், சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் இதைப் பார்ப்பவர். 3,000 வரி பேட்ச் (கோட் மாற்றம்) ஒன்று திடுதிப்பென்று வந்து நின்றால், இந்தப் பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு போனபின் இதில் பக் வந்தால் யார் பார்ப்பது என்றுதான் அவருக்குத் தோன்றும். நியாயம்தானே?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கிளையை (நீங்கள் தனியாக மாற்றிவரும் கோட் பிரதியை) இப்போது இருக்கும் நிலையில் நிறுத்தி, அந்த நிலைக்குப் பெயராக ஒரு டேக் போடுங்கள். ஆய்வேட்டில் வரும் ஒவ்வொரு எண்ணும் அந்த டேகிலிருந்து மட்டுமே வர வேண்டும். கமிட் ஹேஷ் (அந்தக் கோட் நிலையின் அடையாள எண்), கம்பைலர் பதிப்பு, எந்தக் கணினியில் ஓட்டினீர்கள் என்பதெல்லாம் பின்னிணைப்பில் போகட்டும். மெயின் கிளையின் புது மாற்றங்களை வாராவாரம் ரீபேஸ் செய்து உள்ளே இழுத்துக்கொண்டே பென்ச்மார்க்கும் ஓட்டுகிறவர்களுக்கு என்ன ஆகும் தெரியுமா, நான்காம் இயலின் அட்டவணை ஒரு கோடிலிருந்தும் ஐந்தாம் இயலின் வரைபடம் வேறொரு கோடிலிருந்தும் வந்து நிற்கும். கூர்மையான தேர்வாளர் இதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

மெர்ஜ் வேலை தனியாக நடக்கட்டும். பேட்ச்சை உடையுங்கள்: டெஸ்ட்கள் முதலில், அப்புறம் உள்கட்டமைப்பு மாற்றம், உங்கள் முக்கியமான பகுதி கடைசியில். வடிவமைப்பு சரியில்லை என்று மறுத்துவிட்டால் அந்தக் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுங்கள், விவாத இயலுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைப்பது கஷ்டம். இனிமேல் தொடங்கப்போகிறவர்கள், கோட் எழுதுவதற்கு முன்பே ஒரு இஷ்யூ திறந்து, 'இப்படிச் செய்யப் போகிறேன், ஏற்பீர்களா' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பலர் சேர்ந்து எழுதிய கோடில் என் பங்கு எது என்று வைவாவில் கேட்பார்களா?

பதில்: கட்டாயம் கேட்பார்கள். கமிட் எண்ணிக்கை, வரிக் கணக்கு எதுவும் அங்கே எடுபடாது. எது முன்பே இருந்தது, எது உங்கள் வடிவமைப்பு, எது ரிவ்யூவில் யாரோ சொல்லி மாறியது என்று பிரித்து எழுதிவிடுங்கள். முக்கியமான யோசனை இன்னொருவருடையது என்றால் அதையும் சொல்லுங்கள், அந்த உரையாடல் எல்லோரும் பார்க்கும்படி அங்கேயேதான் கிடக்கிறது.

கேள்வி: என் ஆய்வு கோட் ரிவ்யூ பற்றியது. வேண்டுமென்றே பிழையுள்ள பேட்ச்களை அனுப்பி, கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளையே தடுத்தார், முன்பு வந்த பேட்ச்களையும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று, ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டிருந்த கட்டுரையை ஆய்வாளர்களே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சோதனையில் சம்பந்தமே இல்லாத சக மாணவர்களின் பேட்ச்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின. பழைய ரிவ்யூ உரையாடல்களே மலைபோல் பொதுவில் இருக்கின்றன, பெயர்களை மறைத்துவிட்டு அவற்றை ஆராயுங்கள். பராமரிப்பாளர்களை வைத்துத்தான் சோதனை என்றால் முதலில் அவர்கள் சம்மதம், அப்புறம் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி.

கேள்வி: உதவித்தொகை வாங்கிக்கொண்டு எழுதும் கோட் யாருக்குச் சொந்தம்? எந்த லைசென்ஸ் போடுவது?

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். தனியார் நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் திட்டம் என்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். விதி தெளிவாக இல்லையென்றால் முதல் கமிட்டுக்கு முன்பே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், நெறியாளர் வாய்மொழியாகச் சொன்ன 'சரி' பின்னால் உதவாது. லினக்ஸ் போன்ற திட்டங்களில் பேட்ச்சின் அடியில் போடும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி. பலர் அதைச் சடங்குபோல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில், ஜிபிஎல் லைசென்ஸில் இருக்கும் திட்டத்தின் மேல் கட்டியதை வெளியிட்டால் அதுவும் ஜிபிஎல்தான், பேச்சே இல்லை. புதிதாகத் தொடங்கினால் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 லைசென்ஸ் போதும், அப்பாச்சியில் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய பிரிவு வெளிப்படையாக இருக்கிறது. நெறியாளருக்குக் காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் ரெப்போவை (கோட் இருக்கும் களஞ்சியத்தை) பொதுவில் வைக்கும் முன் பேசிவிடுங்கள், விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிட்டால் பல நாடுகளில் அந்த வாய்ப்பு போய்விடும்.

கேள்வி: பட்டம் வாங்கியபின் இந்த மென்பொருளை என்ன செய்வது? என்னால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியாது.

பதில்: முடியாது என்றால் முடியாது, அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆய்வேட்டுக்குப் பயன்படுத்திய பதிப்பை செனோடோவில் போட்டு டிஓஐ (நிலையான அடையாள எண்) வாங்குங்கள், செர்ன் நடத்தும் காப்பகம் அது, ரெப்போ நாளை காணாமல் போனாலும் மேற்கோள் நிற்கும். மற்றவர்களும் பயன்படுத்துகிற அளவுக்கு மென்பொருள் வளர்ந்திருந்தால், 2016 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' இதழுக்கு ஒரு சிறு கட்டுரை அனுப்பலாம். அங்கே ரிவ்யூ எல்லோர் கண் முன்னாலும் நடக்கும், நிறுவும் வழிமுறைகளையும் டெஸ்ட்களையும்கூடப் பார்ப்பார்கள். அப்புறம் ரீட்மீயின் முதல் வரியில் 'இது ஓர் ஆய்வேட்டுக்காக எழுதப்பட்டது, இப்போது பராமரிப்பில் இல்லை, எடுத்து நடத்த விரும்புபவர்கள் எழுதவும்' என்று போட்டு ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள்.