லொக் புக்கில் 5 மணித்தியாலம் கூடுது எண்டால் சிமுலேற்றர் நிரலைப் பாருங்கோ

உங்கட லொக் புக்கில் (விமானம் ஓட்டுறவை பறந்த நேரத்தை எழுதுற புத்தகம்) மொத்தம் பறப்புப் பள்ளிப் பதிவை விட ஏன் கூடுது எண்டு கேட்டிருந்தியள். சிமுலேற்றரில், அதாவது தரையில இருந்து விமானம் ஓட்டிப் பழகுற கருவியில், இருந்த நேரம் மொத்தப் பறப்பு நேரத்துக்குள் வராது. உங்கட லொக் புக்கில் 46:20, பள்ளிப் பதிவில் 41:20 எண்டு எழுதியிருக்கிறியள். வித்தியாசம் சரியா 5:00. சிமுலேற்றர் அமர்வுகளைத் தனி நிரலில் எழுதினதோட மொத்த நிரலிலையும் போட்டிருப்பியள். கனபேர் விடுற பிழை இது.

சிமுலேற்றர் நிரலை மட்டும் கூட்டிப் பாருங்கோ. 5:00 வந்தால் அதுதான். வராட்டி, கல்குலேற்றரில் 1:20 ஐ 1.20 எண்டு அடிச்சியளோ எண்டு பாருங்கோ. 1 மணித்தியாலம் 20 நிமிசம் எண்டால் 1.33 மணித்தியாலம்.

திகதியும் மாறக்கூடும். யூரீசியில் (UTC, உலகப் பொது நேரம்; இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு) எழுதுறதெண்டால், பலாலியில் விடிய 5:20க்கு அசைஞ்ச விமானம் முதல் நாள் 23:50க்குப் போகும். பறப்பு நேரம் பறக்கிறதுக்காகச் சக்கரம் முதல் அசையேக்கை தொடங்குது, ஓடுபாதையை விட்டு எழும்பேக்கை இல்லை.

திருத்தேக்கை வெள்ளை மை பூசவே வேண்டாம். பழைய எண் வாசிக்கத் தெரியிறமாதிரி ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, திகதி. அந்தப் பக்கத்துக்குப் பிறகு வாற ஒவ்வொரு பக்கத்தின்ர "முன்கொண்டு வந்தது" வரியும் (முந்தின பக்கங்களின்ர கூட்டுத்தொகை) மாறும், அதையும் விடாமல் திருத்துங்கோ.

லைசென்சுக்குச் சிமுலேற்றர் நேரத்தில் ஒரு பங்கை ஏற்பினம்தான். ஆனால் அங்கீகரிச்ச கருவிக்கு மட்டும். வீட்டுக் கம்பியூட்டரில் ஓடினது சேராது. எவ்வளவு எண்டதை விண்ணப்பிக்க முன்னம் உங்கட தலைமைப் பயிற்றுநரிட்டைக் கேளுங்கோ.