'மூணு போதும்' என்று சொன்னது யார்?

கேள்வி: எனக்கு 38 வயது. கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், நான் என்று வேளச்சேரியில் நான்கு பேர் இருக்கிறோம். எனக்கும் மகளுக்கும் புதுப்புது ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்ப்பதில் ஆசை அதிகம். போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போனோம். பையன் நாலு மெனு கார்டு கொண்டுவந்தான். விலையைப் பார்த்தால் அத்தை சாப்பிட மாட்டார் என்பதால் 'மூணு போதும்' என்று சொல்லிவிட்டு அவருக்கும் சேர்த்து நானே ஆர்டர் செய்தேன். மாமா தவறிய பிறகு எட்டு வருஷமாக அவர் அசைவம் தொடுவதில்லை. அதனால் அவருக்கென்று தனியாக வெஜ் டாம் யம் சூப், வெஜ் கிரீன் கறி, பப்பாளி சாலட் சொன்னேன். சூப்பில் கிடந்த எதையோ கடித்துத் துப்பினார். கறியை ஒரு வாய் வைத்துவிட்டு 'மீன் வாடை வருது' என்று ஸ்பூனைக் கீழே வைத்தார். 'வெஜ்னு சொல்லித்தானே வாங்கியிருக்கேன்' என்றேன். அதன்பிறகு வெறும் சோற்றைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய சந்தோஷமே போய்விட்டது. மே மாதம் பிறந்தநாளுக்கு அங்கேயே போக வேண்டும் என்கிறாள் மகள். அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கணவர் சம்மதிக்கவில்லை. மாற்றத்தை ஏற்காத பெரியவர்களைப் புதுச் சாப்பாட்டுக்கு எப்படிப் பழக்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் அத்தை மாற்றத்தை ஏற்காதவர் என்பது எந்த இடத்தில் தெரிந்தது? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அந்தக் கடைக்கு வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பெயரே தெரியாத, தான் கேட்டு வாங்காத ஒரு கறியை எடுத்து வாயில் வைத்திருக்கிறார். பிடிக்காதபோது கத்தவில்லை, எழுந்து போகவில்லை, இருந்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். அவரைப் பழக்குவதற்கு என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நாலு மெனு கார்டு வந்தது, 'மூணு போதும்' என்றீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்று உண்டு. அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பெற்றவருக்கு இல்லை. அதையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் காதில் விழும்படி, முன்பின் தெரியாத ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு அன்றைய சாப்பாடு அந்த நிமிஷமே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீன் வாடையெல்லாம் அப்புறம் வந்தது.

விலையைப் பார்த்தால் சாப்பிட மாட்டார் என்கிறீர்கள். பார்க்கட்டுமே! 'ஒரு கிண்ணம் சோத்துக்கு இவ்வளவா?' என்று கேட்கட்டும். அரிசி விலையும் எண்ணெய் விலையும் பார்த்துப் பார்த்துக் குடித்தனம் நடத்தி ஒரு பிள்ளையை ஆளாக்கியவர் வேறு எப்படிக் கேட்பார்? 'இன்னிக்கு ஒரு நாள்தானே அத்தை, என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க' என்றால் முடிந்துபோகிற விஷயம். அந்த அரை நிமிஷப் பேச்சைத் தவிர்க்க அவரை ஆள் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டீர்கள்.

என் அம்மா ஹோட்டலுக்குப் போனால் உட்கார்ந்ததும் 'சூடா என்ன இருக்கு?' என்று கேட்பார். சர்வர் இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை, ஊத்தப்பம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா 'ரெண்டு இட்லி' என்பார். எத்தனை தடவை போனாலும் இதேதான். அப்பா முன்கோபக்காரர், ஆனால் ஒரு நாளும் அம்மாவுக்குப் பதிலாக அவர் 'ரெண்டு இட்லி' சொன்னதில்லை. வருஷம் பூராவும் மற்றவர்களைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறியவர் முன்னால் ஒருவர் வந்து நின்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அம்மா ஹோட்டலுக்கு வந்ததே அதற்காகத்தான். இது எனக்குப் புரிய நாற்பது வயதாயிற்று. உங்களுக்கு 38 தான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, மீன் வாடைக்கு வருவோம். தாய்லாந்துச் சமையலில் உப்புச் சேர்க்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் மீன் சாஸ்தான் விழும். நெத்திலி போன்ற சின்ன மீன்களை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு அது. கிரீன் கறிக்குப் பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், அரத்தை, பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி வேர் எல்லாம் வைத்து இடிக்கிறார்களே, அந்த விழுதில் வழக்கமாக இறால் விழுதும் சேரும். பப்பாளி சாலட்டில் மீன் சாஸோடு காய்ந்த இறாலையும் போடுவது உண்டு. விழுதை மொத்தமாக அரைத்து வைத்திருக்கும் சமையலறையில், கோழிக்குப் பதில் கத்தரிக்காயைப் போட்டுவிட்டால் அது சைவம் ஆகிவிடாது. நீங்கள் போன இடத்தில் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சைவத்துக்கென்று தனியாக அரைப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் விசாரித்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக ஒருவர் காத்துவரும் விரதம் அது. அதை 'வெஜ்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி விட்டுவிட்டீர்கள். அவர் வாடை வருகிறது என்றதும் பையனைக் கூப்பிட்டு, 'இதில் மீன் சாஸ் இருக்கிறதா, சமையலறையில் கேட்டுச் சொல்' என்று அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவரிடம் திருப்பிப் பேசினீர்கள். ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவர், பால் திரியப்போவதைக்கூட மோந்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கைவிட மெனு கார்டு உங்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

அவர் துப்பியது எலுமிச்சைப்புல் தண்டாகவோ அரத்தைத் துண்டாகவோ இருக்கும். இரண்டும் வாசனைக்குப் போடுபவை. அந்த ஊர்க்காரர்களே அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள், நாம் பிரியாணியில் பட்டையை ஒதுக்குகிற மாதிரி. பக்கத்தில் இருந்த யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த நாலாவது கார்டு அவர் கைக்குப் போய், உங்கள் மகள் ஒட்டி உட்கார்ந்து 'பாட்டி, இதுல இதெல்லாம் போடுவாங்களாம்' என்று தமிழில் படித்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா? அரத்தை அவருக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி இருமலுக்குக் கஷாயம் போட்ட சரக்கு. சூப்பில் போடும் எலுமிச்சை இலை நம்முடையதிலிருந்து வேறு வகைதான் என்றாலும், வேப்பிலைக்கட்டி இடித்த கைக்கு அந்த வாசனை தெரியாமல் போகாது. கிரீன் கறியில் போடும் இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். பப்பாளிக்காயை உரலில் போட்டுத் தட்டுகிறார்கள். தேங்காய்ப்பால், புளி, பனஞ்சர்க்கரை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மீன் சாஸ் என்ற இடத்தில் தானே நிறுத்தியிருப்பார். அந்த மேஜையில் யாரைவிடவும் அவருக்குத்தான் அந்தச் சாப்பாடு அதிகம் புரிந்திருக்கும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், 'அவருக்கென்று தனியாக' என்று. தாய்லாந்து வீடுகளில் ஆளுக்கொரு கறி என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. எல்லாம் நடுவில் வரும். அவரவர் சோற்றில் ஒரு பதார்த்தத்தை இரண்டு கரண்டி எடுத்து, அதைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் அடுத்ததை எடுப்பார்கள். 'சோறு சாப்பிட்டாச்சா?' என்று நாம் விசாரிப்பது போலவே விசாரிக்கிற ஊர் அது. உங்கள் மேஜையில் மூன்று பேர் நடுவிலிருந்து பகிர்ந்து சாப்பிட, ஒருவர் ஓரத்தில் தனித் தட்டோடு இருந்திருக்கிறார். பிறந்தநாள் அன்று நாலு பேரும் சைவம் சாப்பிடுங்கள். ஒரு வேளை கோழி இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. மகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வயது இதுதான்.

உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று இப்போது சொல்வது சரிதான். அன்றைக்குக் கையில் ஒரு கார்டை வைத்துக்கொண்டு அவரும்தானே இருந்தார்? 'அம்மாவுக்கும் ஒண்ணு குடுப்பா' என்று பெற்ற மகன் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மருமகளிடம் பழியைத் தள்ளிவிட்டு மகன்கள் ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மே மாதம் அம்மா பக்கத்தில் அவர் உட்காரட்டும், போனைப் பையில் வைத்துவிட்டு.

இரண்டு நாள் முன்னாலேயே கடைக்குப் போன் செய்து, மீன் சாஸ், இறால் விழுது, சிப்பி சாஸ் மூன்றும் இல்லாமல் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் தனி விழுது அரைக்க நேரம் இருக்காது. சமையல்காரர் அந்த ஊர்க்காரராக இருந்தால் 'ஜே' என்று சொன்னாலே புரியும், சுத்த சைவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. பூண்டு, வெங்காயம்கூட அதில் சேராது. தாய்லாந்தின் பூக்கெட் தீவில் வருஷா வருஷம் ஒன்பது நாள் சைவ விரதத் திருவிழாவே நடக்கிறது, கிட்டத்தட்ட நம் புரட்டாசியை ஒட்டி. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். மே மாதம் மாம்பழக் காலம் வேறு. ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைத்து, இனிப்பும் துளி உப்பும் போட்ட தேங்காய்ப்பாலில் பிசறி மாம்பழத்தோடு தருவார்கள். கவுனி அரிசி சாப்பிட்டவர் என்றால் அந்த ஒட்டல் அவருக்குப் புதிதாக இருக்காது.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, அவரிடம் போய் 'அன்னிக்கு நான் விசாரிக்காம விட்டது தப்பு அத்தை, நீங்க சொன்னது சரியா இருந்திருக்கலாம்' என்று சொல்லுங்கள். மகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். பிறகு பிறந்தநாளுக்கு வருகிறீர்களா என்று கேளுங்கள். யோசித்துவிட்டு 'எனக்கு வேண்டாம்மா, நீங்க போயிட்டு வாங்க' என்று அவரே சொன்னால், வற்புறுத்த வேண்டாம். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, நீங்களே அதைச் செய்து மூடிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். நானே ஏதாவது பண்ணிக்கிறேன் என்பார், விடாதீர்கள்.